ஆய்வு சொல்வதை வீட்டில் பயன்படுத்துவது எப்படி: தத்துப் பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை, உறவுக்காரப் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு

தத்தெடுத்தவர்கள், வளர்ப்புப் பராமரிப்பில் (ஃபாஸ்டர் கேர், அதாவது தத்தெடுக்காமல் வீட்டில் வைத்து வளர்ப்பது) பிள்ளையை வைத்திருப்பவர்கள், பேரப்பிள்ளையைத் தாங்களே வளர்க்கும் தாத்தா பாட்டிகள், அக்கா பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்க்கும் சித்திகள், இவர்களுக்கெல்லாம் அறிவுரைக்குப் பஞ்சமே கிடையாது. "கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா கெட்டுப்போயிடும்" என்பார் ஒருவர். "பாவம், கேக்குறதெல்லாம் வாங்கிக் குடு" என்பார் அடுத்தவர். போனைத் திறந்தால் அங்கேயும் ஒரு டாக்டர் மூளைப் படத்தைக் காட்டிப் பயமுறுத்திக்கொண்டிருப்பார். இதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஆய்வுகள் நிஜமாகவே உதவும், அதற்காக நீங்கள் பிஎச்டி முடித்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளை எப்படிப்பட்டது என்று தீர்ப்பு எழுத ஆய்வைத் தூக்காதீர்கள். பெரியவர்கள் நாம் வீட்டில் எதை மாற்றிப் பார்க்கலாம் என்று தேடும்போதுதான் அது வேலைக்கு ஆகும். கீழே உள்ளதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"தத்துப் பிள்ளைகளுக்கு மனப் பிரச்சினை வருமா" என்று தேடினால் வருவது பயம் மட்டும்தான். அந்தக் கேள்விக்கு யாராலும் உங்கள் வீட்டுக்கு உதவுகிற பதிலைச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: பிள்ளைக்கு இப்போது என்ன வயது, உங்களிடம் வரும்போது என்ன வயது, அதற்கு முன் எங்கே எவ்வளவு காலம் இருந்தது, இப்போது உங்களைக் கலங்கவைப்பது சரியாக எந்தச் செயல், எந்த நேரத்தில். தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காரா வழியாகத் தத்தெடுத்தவர்கள் என்றால் குழந்தையைப் பற்றிய அறிக்கையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் உங்களிடம் இருக்கும். தத்து ஆணை கைக்கு வந்த சந்தோஷத்தில் அவற்றை பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர்கள் எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், பாதிக் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கும். ஆய்வுகளைப் படிக்கும்போது "எத்தனை மாதத்தில் வந்தது" என்ற தகவல் எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு உதாரணம். ஏழு வயதுப் பையன், ஹோமிலிருந்து, அதாவது குழந்தைகள் இல்லத்திலிருந்து, வந்து சில மாதம் ஆகிறது. படுக்கையைத் தட்டிப் போடும்போது தலையணை உறைக்குள்ளிருந்து காய்ந்த இட்லித் துண்டும் நொறுங்கிய மேரி பிஸ்கட்டும் விழுகின்றன, எறும்பு வரிசை கட்டியிருக்கிறது. வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. பாட்டிக்குக் கோபம், "திருட்டுப் புத்தி" என்கிறார். இங்கே "இவன் ஏன் திருடுகிறான்" என்பது தப்பான கேள்வி. "வேறு வீடுகளில் வளரும் பிள்ளைகள் சாப்பாட்டைப் பதுக்குவது எவ்வளவு சகஜம், அப்போது பெரியவர்கள் என்ன செய்தால் அது குறைகிறது" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டுத் தேடினால், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளைப் பற்றி மைக்கேல் டாரன் ஸ்வீனி 2006இல் வெளியிட்ட ஆய்வு கிடைக்கும். ஏறக்குறைய கால்வாசிப் பிள்ளைகளிடம் சாப்பாடு தொடர்பான தீவிரமான சிக்கல் இருந்தது, அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, எடுத்து ஒளித்துவைப்பது இதெல்லாம் அதில் அடக்கம். நான்கில் ஒருவர்! பாட்டிக்கு இந்த ஒரு தகவலைச் சொன்னாலே வீட்டின் சூடு பாதி தணியும். "திருட்டுப் புத்தி" என்ற பெயர் போய், "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வருவது" என்ற பெயர் வந்துவிடும்.

அப்புறம் என்ன செய்வது? பசித்த நேரத்தில் பிள்ளை தானே எடுத்துச் சாப்பிட ஒரு டப்பா, எட்டும் உயரத்தில், எப்போதும் நிரம்பியபடி, யாரும் கணக்கு கேட்காமல். இது பெரிய பரிசோதனையில் நிரூபித்த மருந்து கிடையாது, இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களின் கைப்பழக்கம். ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை, அதனால் தயங்காமல் செய்து பார்க்கலாம். ஆய்வு, அனுபவம், நம் ஊகம் மூன்றையும் கலந்து குழப்பாமல், எது எது என்று மனதுக்குள் பிரித்து வைத்துக்கொண்டால் போதும்.

எங்கே தேடுவது

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் தேடுங்கள், கேள்வியைச் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களாகப் போடுங்கள், கூடவே ரிவ்யூ என்ற சொல்லையும் சேருங்கள். ஒரு தனி ஆய்வைவிட, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட ஆய்வுத் தொகுப்பு நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது. காக்ரேன் என்ற அமைப்பு வெளியிடும் தொகுப்புகளில் சாதாரண மக்களுக்கென்றே ஒரு சுருக்கம் இருக்கும், அதை இலவசமாகப் படிக்கலாம். மருத்துவ, பராமரிப்பு வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021இல் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, அதுவும் இலவசம். நம் பக்கத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நடத்தும் சம்வாத் என்ற பிரிவு குழந்தைப் பாதுகாப்பு, மனநலம் பற்றிப் பயிற்சிகள் நடத்துகிறது, பயிற்சிப் பாடங்களும் வெளியிடுகிறது, நம்மூர் ஹோம்களையும் நம்மூர்ச் சட்டத்தையும் தெரிந்து எழுதியவை அவை. கட்டுரை காசு கேட்டால் ஆய்வாளருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள், தங்கள் கட்டுரையை யாரோ படிக்க விரும்புகிறார்கள் என்பதே அவர்களுக்கு சந்தோஷம்.

ஆங்கிலம் தடை என்றால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கலாம். எண்களையும் "இல்லை" என்று வரும் வாக்கியங்களையும் மட்டும் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், செயலி வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

யார், எங்கே, எதோடு ஒப்பிட்டு

படிக்கும்போது இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு பெரிய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் அவை ஒன்றோடொன்று சண்டை போடும்.

முதலாவது, ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஆய்வு. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்தியது. ஆறு ஹோம்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகள், எல்லாருக்கும் வயது 6 மாதத்திலிருந்து 31 மாதத்துக்குள். குலுக்கல் முறையில் பாதிப்பேரை, அதாவது 68 பேரை, வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப்பேர் அன்றைய வழக்கப்படியான பராமரிப்பில் தொடர்ந்தார்கள். நான்கரை வயதில் அளந்தபோது வழக்கப்படியான பராமரிப்பில் தொடர்ந்த குழந்தைகளின் சராசரி அறிவுத்திறன் (ஐக்யூ) 73, குடும்பங்களுக்குப் போனவர்களுக்கு 81. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் அதிகம் தேறினார்கள். பெரியவர்களோடு பாசப் பிணைப்பும் கூடியது. ஆனால் கவனக்குறைவு, துறுதுறுப்பு சம்பந்தமான சிக்கல் மட்டும் குடும்பத்துக்குப் போன பிறகும் அவ்வளவாகக் குறையவில்லை.

இரண்டாவது, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஐந்து நாடுகளில் நடத்தியது. இந்தியாவில் ஹைதராபாத்தும் நாகாலாந்தும் அதில் இருந்தன. பெற்றோரை இழந்த அல்லது கைவிடப்பட்ட 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் ஹோமில் இருப்பவர்களையும் ஊரில் உறவினர் வீடுகளில் இருப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். 2009இல் வந்த முடிவு: உடல்நலத்திலும் மனநலத்திலும் ஹோம் பிள்ளைகள் சராசரியாக மோசமாக இல்லை.

என்னடா இது, ஒருவர் ஹோம் கெடுதல் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார் என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். முதல் ஆய்வில் கைக்குழந்தைகள், இரண்டாவதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முதலாவதில் ஒப்பிட்டது, ஆய்வாளர்களே தேடிப்பிடித்து, சம்பளம் கொடுத்து, சமூகப் பணியாளர்களை அடிக்கடி அனுப்பித் தாங்கிப்பிடித்த வளர்ப்புக் குடும்பங்களோடு. இரண்டாவதில் ஒப்பிட்டது, எந்த உதவியும் இல்லாமல் வறுமையில் தத்தளிக்கும் சாதாரண வீடுகளோடு. இப்போது இரண்டையும் சேர்த்துப் படித்தால் சண்டையே இல்லை. கைக்குழந்தை என்றால் குடும்பத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும். குடும்பம் என்ற பெயர் மட்டும் போதாது, அந்தக் குடும்பத்தைத் தாங்க ஆள் வேண்டும். நம் ஊரில் வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் மேடையில் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை விழுங்கிவிடுகிறார்கள் என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

சராசரியைப் பார்த்து மிரளாதீர்கள்

ருமேனியாவிலிருந்து பிரிட்டன் குடும்பங்களுக்குத் தத்துப் போன பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவும் சின்ன வயதிலிருந்து வாலிப வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் ஹோமை விட்டு வந்தவர்கள் பிரிட்டனிலேயே தத்துப் போன பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தவர்களுக்குச் சிக்கல்கள் அதிகம், சில வாலிப வயதுவரை தொடர்ந்தன. இதைப் படித்ததும் பத்து மாதத்தில் பிள்ளையைக் கூட்டிவந்த அம்மாவுக்கு வயிறு கலங்கும். ஆனால் அதே ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எந்தக் கட்டத்திலும் எந்தச் சிக்கலும் தென்படவில்லை. சின்ன வயதில் பின்தங்கியிருந்த அறிவுத்திறன் வளர்ந்தபின் பலருக்குச் சாதாரண அளவுக்கு எட்டிவிட்டது. இன்னொன்று, அன்றைய ருமேனிய ஹோம்களின் பட்டினியும் தனிமையும் வேறு ரகம், உங்கள் பிள்ளை இருந்த இடம் அப்படி இருந்திருக்க வேண்டியதில்லை.

அதனால் அந்த எண்ணை என்ன செய்வது? எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். கவனம் சிதறுகிறதா, புது ஆளிடம் தயக்கமே இல்லாமல் போகிறதா, பேச்சு தாமதமாகிறதா. தெரிந்தால் சீக்கிரம் உதவி தேடலாம், தெரியாவிட்டால் சந்தோஷம்.

இதில் புது ஆளிடம் போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "எங்க பாப்பா யார்கிட்ட வேணும்னாலும் போவா, அழவே மாட்டா, தங்கம்" என்று நாம் பெருமையாகச் சொல்வோம். ஹோமில் வளர்ந்த குழந்தை கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத அத்தையின் மடியில் போய் உட்கார்ந்து, அவர் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனால், அதைச் சமத்து என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. புகாரெஸ்ட், பிரிட்டன் இரண்டு ஆய்வுகளிலும் மெதுவாகவே மாறிய பழக்கம் இது. உங்கள்மேல் பாசம் இல்லை என்று அர்த்தமில்லை, அம்மாவோடு நன்றாக ஒட்டிக்கொண்ட பிள்ளைகளிடமும் இது தொடரும். வீட்டில் செய்ய வேண்டியது: வந்து சேர்ந்த புதிதில் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் ஓரிருவர் கையில் மட்டும் இருக்கட்டும். சொந்தக்காரர்கள் தூக்கிக் கொஞ்ச வந்தால் "பசிக்குதா, அடிபட்டுதா, அதுக்கெல்லாம் அம்மாகிட்டதான்னு பழக்குறோம்" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் மேரி டோசியர் என்பவர் வளர்ப்புப் பெற்றோருக்காகவே ஒரு பயிற்சியை உருவாக்கினார். பத்து வாரம், வாரம் ஒருமுறை, பயிற்சியாளர் வீட்டுக்கே வருவார். குலுக்கல் முறையில் பலமுறை சோதித்துப் பார்த்த முறை இது. பயிற்சி பெற்ற வீட்டுக் குழந்தைகளுக்குப் பாசப் பிணைப்பு கூடியது, உடம்பில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் தினசரி ஏற்ற இறக்கமும் மற்றக் குழந்தைகளைப் போல ஒழுங்குக்கு வந்தது. அந்தப் பயிற்சி நம் ஊரில் கிடைக்காது, ஆனால் அதன் சாரம் மூன்றே விஷயம்தான்.

ஒன்று, குழந்தை நம்மைத் தள்ளிவிட்டாலும் நாம் தேற்றுவதை விடக்கூடாது. விழுந்து முட்டி தேய்ந்தாலும் அழாமல் எழுந்து போகும் பிள்ளைகள் உண்டு, அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று ஏற்கெனவே கற்றுக்கொண்டவை. "தைரியசாலி" என்று விட்டுவிடாமல், அது கேட்காவிட்டாலும் போய் உட்கார்ந்து "வலிக்குதாடா கண்ணு" என்று ஊதிவிடுங்கள். இரண்டு, விளையாட்டில் பிள்ளை போகிற வழியில் போவது. அது சொப்பில் மண்ணைப் போட்டுச் சோறு என்று நீட்டினால் சாப்பிட வேண்டும், "இது என்ன கலரு, எத்தனை சொப்பு இருக்கு, எண்ணு" என்று பரீட்சை வைக்கக்கூடாது. நமக்கு இது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் கேள்வி கேட்பதையே நாம் கொஞ்சல் என்று நினைக்கிறோம்.

மூன்றாவது, பயமுறுத்தாமல் இருப்பது. இதில்தான் தமிழ் வீடுகள் மொத்தமாக மாட்டும். பூச்சாண்டி, போலீஸ் மாமா, ஊசி போடும் டாக்டர், சாக்குப் பையில் போட்டுக்கொண்டு போகிறவன், நம் பாதிச் சோறு இவர்கள் பெயரில்தான் பிள்ளை வாய்க்குள் போகிறது. பெற்றவரிடமே வளரும் பிள்ளைக்கு இது ஒரு நிமிடப் பயம். "சொன்ன பேச்சு கேக்கலன்னா ஹோம்லயே கொண்டு போய் விட்டுடுவேன்" என்பது, ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்ட பிள்ளைக்கு நிஜம். வீட்டுக்கு வந்து போகும் எல்லாரிடமும், வேலைக்கு வரும் அக்கா உட்பட, இந்த ஒரு வாக்கியத்துக்குத் தடை என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். அடம்பிடிக்கும் பிள்ளையை நிறுத்தக் கிச்சுக்கிச்சு மூட்டி மூச்சுத் திணற வைப்பதும் இதே கணக்கில் வரும்.

தத்து என்று எப்போது சொல்வது

இதில் ஆய்வின் உதவி அபாரம். டேவிட் பிராட்ஜின்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலிருந்தே, தத்து என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு எந்த வயதில் எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்திருக்கிறார். நான்கு ஐந்து வயதில் "நான் தத்துப் பிள்ளை, அம்மா அப்பா காரில் வந்து கூட்டிட்டு வந்தாங்க" என்று கதையை அழகாக ஒப்பிக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் புரிந்திருக்காது. ஆறு ஏழு வயதில்தான் வயிற்றில் பிறப்பதும் தத்து வருவதும் வேறு வேறு என்று பிடிபட ஆரம்பிக்கும். எட்டிலிருந்து பதினொன்றுக்குள் ஒருநாள் கணக்கு நேராகும்: நான் இங்கே வந்தேன் என்றால், அங்கே யாரோ என்னை விட்டிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் வரும் சிடுசிடுப்பும் அழுகையும் "நீங்க என் நிஜ அம்மா இல்ல" என்ற அடியும் ஒருவகைத் துக்கம், வளர்ப்பு தோற்றதற்கு அடையாளம் இல்லை.

இதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு: பேசத் தெரியாத வயதிலிருந்தே சொல்லுங்கள், சொல்லிவிட்டோமே என்று நிறுத்திவிடாமல் ஒன்பது வயதில் மறுபடியும் நீங்களே பேச்சை எடுங்கள். "உன்னைப் பெத்தவங்களைப் பத்தி எப்பவாவது யோசிப்பியா?" என்று சமைத்துக்கொண்டே கேட்கலாம். முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேட்டால் பல பிள்ளைகள் வாயைத் திறக்காது, வண்டியில் போகும்போது, காய் நறுக்கும்போது திறக்கும். பெற்றவளைப் பற்றி நல்லதும் கெட்டதும் இட்டுக்கட்டாமல், காகிதத்தில் இருப்பதை வயதுக்கேற்ற சொற்களில் சொல்லுங்கள். நம் தத்து விதிகளின்படி பதினெட்டு வயது முடிந்தபின் பிள்ளை தானே தன் வேரைத் தேட விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். தான் தத்து என்பதையே அப்போது யாரிடமிருந்தோ முதல்முறையாகத் தெரிந்துகொள்வதைப் போல ஒரு அநியாயம் வேறு இல்லை.

"தத்துப் பிள்ளைக்குத் தாழ்வு மனப்பான்மை வரும், அதனால சொல்லாத" என்று சொல்லும் சித்தப்பாவுக்கும் பதில் இருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெமி யுஃபரும் மரினஸ் வான் ஐசென்டோர்னும் 2007இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தத்துப் பிள்ளைகளின் சுயமதிப்பு மற்றப் பிள்ளைகளுடையதைப் போலவேதான் இருந்தது.

தாத்தா பாட்டிகளுக்கு

உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றி 2014இல் வந்த காக்ரேன் தொகுப்பில் 102 ஆய்வுகள், ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். முன்பின் தெரியாத வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களைவிட உறவினரிடம் போனவர்களுக்கு நடத்தைச் சிக்கல் குறைவு, வீடு மாறி வீடு மாறி அலைவது குறைவு. ஆனால் மனநல உதவி அவர்களுக்குக் குறைவாகவே போய்ச் சேர்ந்தது. பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள், குலுக்கல் முறையும் கிடையாது, கொஞ்சம் சுலபமான பிள்ளைகள்தான் உறவினரிடம் போயிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடம் உண்டு. இருந்தாலும் உதவி வந்து சேராத கதை நமக்கு நன்றாகவே தெரிந்த கதை. "சொந்தம்தானே பார்த்துக்குது" என்று அதிகாரிகளும் விட்டுவிடுவார்கள், பாட்டியும் கேட்பதற்குக் கூச்சப்படுவார்.

கூச்சப்படாதீர்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம், குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், இரு பெற்றோரையும் இழந்து உறவினர் பராமரிப்பில் உள்ள பிள்ளைக்கு 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய். கொரோனாவில் இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2021இல் அறிவித்த 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி தனி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேளுங்கள். போகும்போது இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, பிள்ளையின் ஆதார், வங்கிப் புத்தகம், வருமானச் சான்று எல்லாவற்றிலும் இரண்டு நகல். கூடவே பிள்ளை ராத்திரி அலறி எழுகிறதா, பள்ளிக்குப் போக மறுக்கிறதா என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். பணத்தோடு கவுன்சலிங்கையும் சேர்த்துக் கேட்பதுதான் ஆய்வு சொல்லும் அந்த ஓட்டையை அடைக்கும் வழி.

பள்ளிக்கூடத்தில்

குடும்ப மரம் வரைந்து வா, கைக்குழந்தைப் படம் கொண்டு வா, அப்பாவைப் பற்றிப் பத்து வரி எழுது. ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தில் கொடுப்பதில்லை, யோசிக்காமல் கொடுப்பதுதான். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் மரத்தை எனக்குத் தெரியும். மேலே அம்மா என்று இரண்டு வட்டம் போட்டு, ஒன்றுக்குப் பொட்டு, மூக்குத்தி எல்லாம் வரைந்து, இன்னொன்றை வெறும் வட்டமாக விட்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

வருடத் தொடக்கத்திலேயே வகுப்பு ஆசிரியரிடம் அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். என்ன நடந்தது என்ற பழைய கதை அதில் வேண்டாம், அது பிள்ளையின் சொத்து. என்ன செய்தால் நல்லது என்பது மட்டும்: திடீரென்று அதட்டினால் உறைந்துபோவாள், பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னால் கேட்பாள், கடைசி மணி அடித்ததும் யார் அழைக்க வருவார்கள் என்று காலையிலேயே தெரிந்தால் அமைதியாக இருப்பாள், குடும்பம் சம்பந்தமான பாடம் வந்தால் முந்தைய நாளே எங்களுக்குச் சொல்லுங்கள். அவ்வளவுதான். வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளை என்றால் அதன் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது, பள்ளி ஆண்டுவிழாப் படத்துக்கும் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் சேர்த்துத்தான்.

தள்ளி வைக்க வேண்டியவை

பாசம் வராத பிள்ளையை இறுக்கிப் பிடித்து, கத்தவிட்டு, கட்டாயமாகக் கண்ணைப் பார்க்கவைத்துப் "பிணைப்பை உண்டாக்கும்" தெரபி என்று ஒன்று அமெரிக்காவில் ஓடியது. 2000இல் கொலராடோவில் பத்து வயதுத் தத்துப் பெண் ஒருத்தி, "மறுபிறப்பு" என்ற பெயரில் போர்வைக்குள் சுற்றி அழுத்தப்பட்டு மூச்சுத் திணறி இறந்தாள். 2006இல் அந்நாட்டுக் குழந்தை வன்கொடுமைத் தடுப்பு வல்லுநர்கள் சங்கத்தின் குழு ஒன்று இந்த முறைகளையெல்லாம் கூடாது என்று அறிக்கை கொடுத்தது. பிள்ளையின் விருப்பத்தை உடைத்தால்தான் பாசம் வரும் என்று யார் சொன்னாலும், சுவரில் எத்தனை பட்டம் தொங்கினாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

சின்ன வயதுக் கொடுமைகளை எண்ணி மதிப்பெண் போடும் ஒரு பட்டியலும் சுற்றுகிறது. அது 1998இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது, பெரியவர்களைக் கேட்டுக் கூட்டமாகக் கணக்கிட்டது. அதை ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லப் பயன்படுத்தக்கூடாது என்று அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020இல் எழுதினார். "ஸ்கோர் ஆறு" என்று பிள்ளையின் கோப்பில் எழுதும் ஆர்வக்கோளாறுகளிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

படித்ததையெல்லாம் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடாதீர்கள். ஒன்றை எடுங்கள், மூன்று நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள், தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நாம் என்ன செய்தோம், எவ்வளவு நேரத்தில் அடங்கியது. சாப்பாட்டு டப்பா வைத்த முதல் வாரம் பிள்ளை மொத்தத்தையும் தின்று தீர்க்கும், டப்பா நிஜமாகவே நிரம்புகிறதா என்று சோதிக்கும். அங்கே பயந்து நிறுத்தினால் இரண்டு பக்கமும் நஷ்டம். நோட்டு இருந்தால் முதல் வாரத்தையும் நான்காம் வாரத்தையும் ஒப்பிடலாம், இல்லையென்றால் நேற்றைய ரகளை மட்டும்தான் நினைவில் நிற்கும். மாற்றமே இல்லை என்றாலும் அது ஒரு தகவல்தான், அடுத்ததைப் பாருங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அதையே கேளுங்கள், "இந்த டப்பா உதவுதா, வேற மாதிரி வைக்கலாமா?" என்று.

காரா வழித் தத்து என்றால் முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். பலர் அன்றைக்கு வீட்டைத் துடைத்து, பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்று கேசரி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கேசரி கொடுங்கள், கூடவே அந்த நோட்டையும் எடுத்து நீட்டுங்கள். தன்னையோ மற்றவரையோ காயப்படுத்திக்கொள்வது, வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பது, சாப்பிட மறுப்பது, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்துவது, இவற்றுக்கு வீட்டுச் சோதனை வேண்டாம். மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு, எது முதலில் கிடைக்கிறதோ அதற்குப் போங்கள். டாக்டரிடம் போகும்போது நோட்டின் கடைசி இரண்டு வாரப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை முன்னால் அதைச் சத்தமாகப் படிக்காமல் டாக்டர் கையில் கொடுத்துவிடலாம்.